கீழ்வீட்டு மூடி

காசிமேட்டுக் காற்றுக்குக் கம்பி என்றால் பிரியம்.
மூன்றே வாரம்.
புதுசாய் மாட்டியபோது என் பேஸ்
தட்டில் சில்லறை கொட்டினாற்போல் பேசியது.
இப்போது
ஈரச்சாக்கைத் தடியால் அடிக்கிற சத்தம்.

புது செட் இரண்டாயிரத்து அறுநூறு.
ஞாயிற்றுக் கச்சேரிக்குத் தனகோட்டி தருவது ஆயிரத்து இருநூறு,
அதிலும் ஆட்டோ நம்முடையது.
ஆகவே குண்டானில் தண்ணீர் கொதிக்கிறது.
நாலு கம்பியும் உள்ளே சுருண்டு கிடக்கின்றன,
பத்து நிமிஷம்.
மேலே மிதப்பது என் விரலழுக்கு,
யார் யார் ரிசப்ஷனிலோ
இரண்டு பாட்டுக்கு நடுவே தின்ற சிக்கன் எண்ணெய்.
அஞ்சலாட்சி எட்டிப் பார்த்துவிட்டு,
"இனிமே அந்தக் குண்டான் உன்னுது.
சோத்துக்கு வேற வாங்கிக்கினு வா" என்கிறாள்.
கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும்.

துடைத்துக் காயவைத்து
தடித்ததிலிருந்து மாட்டிக்கொண்டு வருகிறேன்.
பகலெல்லாம் எண்ணூர் ரோட்டில்
எடைமேடைக் கூண்டுக்குள் உட்கார்ந்து
கன்டெய்னர் லாரிகளுக்குச் சீட்டு கிழிப்பவன் நான்,
இதை யோசிக்காமல் இருக்க முடிவதில்லை:
நாலு கம்பியும் முறுக்கேறி நின்றால்
கழுத்தை இழுக்கும் பாரம் எண்பது கிலோவுக்குப் பக்கம்.
என்னைவிடப் பதினாலு கிலோ அதிகம்.
அதுவும் ஐப்பசியில்
மரம் தண்ணீர் குடித்து முன்னால் வளைந்திருக்கிறது.
ஏழாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தப் போனால்
மாடியிலிருந்து இறங்குகிற தூரம்.

காதர்மொய்தீன் பைக் கடையில் இரவல் வாங்கிய ஆலன் சாவி,
நாலு மில்லி.
கால் சுற்று. அதற்குமேல் கை போகக் கூடாது.
கழுத்துக்குள் ஓடும் இரும்பு அது,
மரை வழுக்கினால்
கிட்டாரையே பரணில் ஏற்ற வேண்டியதுதான்.
திருப்பிவிட்டு ராத்திரி முழுக்க
அதன் போக்கில் விட வேண்டும் என்பார்கள்.
நான் பொறுத்தது இரண்டு டீ.

ட்யூனரில் பேட்டரி செத்திருந்தது.
போனின் காதில் மீன்தண்ணீர் இறங்கி ஆறு மாசம்.
தெருமுனை ட்ரான்ஸ்ஃபார்மர் ரீங்காரத்தைப் பிடிக்கலாம் என்றால்
அது என் மெல்லிய கம்பிக்கு
மயிரிழை மேலே நிற்கிறது.
மின்வாரியத்தோடு சுருதி சேர்ந்து கரையேறியவன்
இந்தத் தெருவில் இல்லை.

எனக்கிருப்பது எமரென்சியா.
கீழ்வீடு. ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள்.
அவள் பரணில் ஒரு பித்தளை அண்டா,
அதன்மேல் சரியாக உட்காராத மூடி.
தடித்த கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்,
அந்த ஒரு சுரத்துக்கு மட்டும் மூடிக்குப் பேய் பிடிக்கும்.
கொஞ்சம் இறங்கியிருந்தாலும் அசையாது,
கொஞ்சம் ஏறியிருந்தாலும் அசையாது.
சரியாக விழுந்தால் தகதகவென்று ஆடும்,
உடனே துடைப்பக்கட்டையால்
என் தரைக்கு அடியில் மூன்று இடி:
"ணா! புள்ள தூங்குது!"
இரண்டு வருஷமாய் அப்படித்தான்
சுருதி சேர்க்கிறேன்.

ஆம்ப்பை இரண்டில் வைத்து அடித்தேன்.
ஒன்றுமில்லை.
பிரடையைச் சற்று ஏற்றினேன். இல்லை.
இறக்கினேன். இல்லை.
கொருக்குப்பேட்டைப் பக்கம் கூட்ஸ் வண்டி போனது,
நாலு கம்பியும் அதற்குத் தாமாகவே முனகின.
கீழே மட்டும் அமைதி.

பதினொன்றரைக்கு இறங்கிப்போய்க் கதவைத் தட்டினேன்.
"மூடிக்கு அடியில துணி வெச்சிட்டேன்ணா," என்றாள்,
"இனிமே ராவெல்லாம் அடிச்சிக்கோ."
உபகாரம் செய்தவளின் நிம்மதி முகத்தில்.
எப்படிச் சொல்வது.
செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
"அந்தத் துணிய எடுத்துடேன்.
அஞ்சு நிமிஷம்."
பிள்ளை தோளில் தூங்க
என்னை மேலும் கீழும் பார்த்தாள்,
லாரி மேடையேறிய பின்
எண்கள் ஆடி நிற்கும்வரை நான் பார்ப்பேனே,
அப்படி.
ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்தினாள்.

மேலே வந்து
ஐந்தாம் ஃப்ரெட்டில் விரல் வைத்தபோது
கீழே ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது.